குறியீடுகளின் வேர் தேடிய அன்னமாரி ஷிம்மல்

இறைவனைத் தருக்கத்தாலன்றி நேரடியான உள்ளனுபவத்தால் அடைய முயலும் நெறியை மறைஞானம் என்றும், பல சமயங்களிலும் காணப்படும் அந்நெறியின் ஒற்றுமை வேற்றுமைகளை ஆராயும் துறையை ஒப்பியல் மறைஞானம் என்றும் வழங்கலாம். சொல்லுக்கு எட்டாததைச் சொல்ல முற்படும் ஞானியருக்குக் கவிதையும், ஒன்றைக் காட்டி மற்றொன்றை உணர்த்தும் குறியீடுமே துணை நிற்பதால், இத்துறையில் நுழைவோர் கவிதையின் மொழியையும் கற்றாக வேண்டும். அதனை வாழ்நாள் முழுவதும் செய்து காட்டியவர் ஜெர்மானிய அறிஞர் அன்னமாரி ஷிம்மல்.

1922இல் எர்ஃபுர்ட் நகரில் பிறந்த அவர், 15 வயதில் அரபு கற்கத் தொடங்கி, 19 வயதிலேயே பெர்லினில் முனைவர் பட்டம் பெற்றார். 1954 முதல் சில ஆண்டுகள் துருக்கியின் அங்காராவில் சமய வரலாறு கற்பித்தபின், 1967 முதல் 1992 வரை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். பாரசீகம், துருக்கி, உருது, சிந்தி ஆகிய மொழிகளிலும் புலமை பெற்றிருந்த அவர் இஸ்லாமிய மறைஞானமான சூஃபி நெறியைப் பற்றி 1975இல் வெளியிட்ட பெருநூல், இன்றும் அத்துறை மாணவர்களின் அடிப்படை நூலாக விளங்குகிறது.

ஒரு குறியீட்டின் பொருளை அது முளைத்த மொழியிலும் மண்ணிலும் தேட வேண்டும் என்பதை அவருடைய ஆய்வுகள் உணர்த்துகின்றன. 13ஆம் நூற்றாண்டில் துருக்கியின் கோன்யாவில் வாழ்ந்த சூஃபிக் கவிஞர் ரூமியின் பாடல்களில் சூரியன் திரும்பத் திரும்ப வருவது இறையொளியை மட்டும் சுட்டுவதன்று. அவர் பிரிந்து தவித்த ஞானத் தோழர் ஷம்ஸ் என்பவரின் பெயருக்கே அரபியில் சூரியன் என்பதுதான் பொருள். அரபு அறியாதவர்க்கு அங்கே வெறும் வெளிச்சமே தெரியும்.

அவ்வாறே, இறைவனைத் தேடும் ஆன்மாவின் குறியீடாகப் பாரசீகக் காவியங்களில் லைலாவைத் தேடி அலையும் மஜ்னூன் ஆண். 18ஆம் நூற்றாண்டுச் சிந்திக் கவிஞர் ஷா அப்துல் லத்தீஃப் பாடிய நாட்டுக்கதையிலோ, காதலன் புன்ஹூவைத் தேடிப் பாலையில் நடக்கும் சசுயி பெண். ஆன்மாவைப் பெண்ணாக்கிப் பாடும் இந்த வழக்கு இந்திய பக்தி மரபோடு ஒட்டியது என்பதை ஷிம்மல் எடுத்துக்காட்டினார்.

1995இல் ஜெர்மானியப் புத்தக வணிகத்தின் அமைதிப் பரிசைப் பெற்ற அவர் 2003இல் பான் நகரில் மறைந்தார். அவர் சுட்டிய இவ்விரு வழக்குகளும் தமிழிலும் உண்டு: வைணவரான நம்மாழ்வார் தம்மைத் தலைவியாக்கி இறைவனைத் தேட, சூஃபி ஞானியான குணங்குடி மஸ்தான் சாகிபு மெய்ப்பொருளையே மனோன்மணி என்னும் தலைவியாக்கித் தேடினார். அவ்விருவர் பாடல்களையும் படிப்பதற்குரிய மொழி நமக்குத் தாய்மொழியாகவே வாய்த்திருப்பதால், அவற்றை அருகருகே வைத்துப் படிப்பதே அந்த அறிஞர் காட்டிய வழியில் நாம் எடுத்துவைக்கும் முதல் அடியாகும்.