ஜூன் 14-க்குள் ஷாஃப்ட் ரெடியாகணும்!

மே மாதத்தில் நாகப்பட்டினம் துறைமுகத்துக்குப் போனால் விசைப்படகெல்லாம் கரையில்தான் கிடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மொத்தம் 61 நாள் (2017-க்கு முன்னால் 45 நாள்தான்). மீனுக்கு லீவு; லேத் பட்டறைக்கு ஓவர்டைம்!

நான் போய் உட்கார்ந்த பட்டறையில் ஒரு பக்கம் படகின் புரொப்பல்லர் ஷாஃப்ட், இன்னொரு பக்கம் வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்ப்பின் ஷாஃப்ட். காரணம் காலண்டரில் இருக்கிறது. மேட்டூர் அணை திறக்கிற வழக்கமான தேதி ஜூன் 12. தடை முடிவது ஜூன் 14. குறுவைக்காரருக்கும் அவசரம், கடல்காரருக்கும் அவசரம், நடுவில் ஒரே லேத்!

இஞ்சினிலிருந்து புரொப்பல்லருக்குப் போகிற இந்த ஷாஃப்ட், படகின் அடிவயிற்றைத் துளைத்துக்கொண்டு வெளியே போகிறது. அந்தத் துளை வழியே கடல் உள்ளே வராமல் இருக்க, கிரீஸ் தடவிய கயிறு மாதிரி பேக்கிங் வைத்து இறுக்கியிருப்பார்கள். அதற்குப் பெயர் கிளாண்ட். கடுவையாற்று முகத்துவாரத்து மணல் கொஞ்சம், இறுக்கம் கொஞ்சம், இரண்டும் சேர்ந்து ஷாஃப்ட்டில் வளையம் வளையமாகப் பள்ளம் போட்டுவிடும். தண்ணீர் கசியும். இன்னும் இறுக்குவார்கள். இன்னும் தேயும்!

முன்னால் இருக்கும் புஷ்ஷும் தப்பாது. இது இன்று நேற்றுத் தலைவலி இல்லை. அந்தக் கால நீராவிக் கப்பல்களில் உலோக புஷ் தேய்ந்து தேய்ந்து கப்பல்காரர்களை அழவைத்தது. ஜான் பென் என்ற ஆங்கிலேய இஞ்சினியர் 1854-ல் அங்கே ஒரு மரத்தை வைத்தார். லிக்னம் விட்டே. தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும், அவ்வளவு கனம். கடல் தண்ணீரே அதற்கு எண்ணெய்! இப்போது பல படகுகளில் அந்த வேலையை ரப்பர் செய்கிறது.

சரி, தேய்ந்த ஷாஃப்ட்டை என்ன செய்வது? இடம் இருந்தால் கிளாண்ட்டைச் சற்றே நகர்த்தி, பேக்கிங்கைத் தேயாத இடத்தில் உட்கார வைக்கலாம். சட்டைக் காலர் கிழிந்தால் தையற்காரர் திருப்பித் தைப்பாரே, அதே சிக்கனம். இல்லாவிட்டால் தேய்ந்த இடத்தைக் கடைந்து, சூடாக்கிய ஸ்லீவை மாட்டலாம், ஆறினால் கவ்விக்கொள்ளும். ஆனால் கை தாராளமாகக் கடையக்கூடாது. விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே முறுக்கைத் தாங்கும் பலத்தில் நூற்றுக்கு 27 பங்கு போய்விடும்!

மூன்றாவது வழி, வெல்டிங் வைத்து நிரப்பிக் கடைவது. இதில்தான் கைராசி தெரியும். ஒரே பக்கம் சூடு போனால் ஷாஃப்ட் வளைந்துவிடும். அதனால் இந்தப் பக்கம் ஒரு கோடு, எதிர்ப்பக்கம் ஒரு கோடு என்று மாற்றி மாற்றி வைத்து, ஆறவிட்டு, டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்க்கிறார்கள். முள் ஆடினால் மறுபடி நிமிர்த்து!

எல்லா ஷாஃப்ட்டுக்கும் இந்த வைத்தியம் செல்லாது. புரொப்பல்லர் மாட்டுகிற கூம்பு முனையிலும் சாவி உட்காரும் பள்ளத்திலும் சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, மேலே வெள்ளைப் பூச்சு அடிக்கிறார்கள். விரிசல் இருந்தால் சிவப்புக் கோடாகத் தெரியும். அப்படி ஒரு மயிரிழைக் கோடு தெரிந்ததும் படகுக்காரர் கெஞ்சலாகப் பார்த்தார். மேஸ்திரி ஷாஃப்ட்டை ஓரமாக உருட்டிவிட்டார்.

“தேஞ்சதைத் தேத்தித் தர்றேண்ணே. விரிசல் விட்டதுக்கு நான் கை வைக்க மாட்டேன்.”

அந்தக் கறார் எனக்குப் பிடித்திருந்தது. நடுக்கடலில் ஷாஃப்ட் முறிந்தால் இஞ்சின் உறுமும், படகு நகராது. முறிந்த துண்டு கழன்று போனால் துளை வழியே தண்ணீர் வேறு. கோடியக்கரைப் பக்கம் என்றால் அதோடு நிற்காது. 1974, 1976 ஒப்பந்தங்களில் இந்தியாவும் இலங்கையும் வகுத்துக்கொண்ட எல்லை அங்கே கிட்டத்தில் இருக்கிறது. நீரோட்டத்தில் போகிற படகுக்குக் கோடு தெரியாது. ரோந்துக் கப்பலுக்குத் தெரியும்!

ரிப்பேரான ஷாஃப்ட்டை மாட்டியதும் வேலை முடிந்ததா? இல்லை. மரப்படகு தண்ணீரில் இறங்கினால் ஊறி, உடம்பு கொஞ்சம் மாறும். இஞ்சினும் ஷாஃப்ட்டும் நேர்கோட்டில் இருக்கிறதா என்று மிதக்கவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். கோணலாக இருந்தால் புது ஷாஃப்ட்டும் அதே இடத்தில் தேயும்.

கடைசியாகக் கிளாண்ட். ஓடும்போது அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ வேண்டும். அதுதான் ஷாஃப்ட்டுக்குக் குளிர்ச்சி. வீட்டுக் குழாய் சொட்டினால் பிளம்பரைக் கூப்பிடுவோம். இங்கே சொட்டாவிட்டால்தான் ஃபிட்டரைக் கூப்பிட வேண்டும்!