கணக்கு டியூஷன்: யாரிடம் போகலாம்?

குழந்தைகளே, முதலில் ஒரு கணக்கு. 402-இலிருந்து 157-ஐக் கழித்தால் எவ்வளவு? பேப்பர், பென்சில் எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

245 என்று வந்ததா? சபாஷ்!

எங்கள் எதிர்வீட்டில் ஒரு சிறுமி இருக்கிறாள். போன வருடம் ஏழாம் வகுப்பில் சேர்ந்தபோது இதே கணக்கை அவளிடம் கொடுத்தேன். அவள் போட்ட விடை 355. அவள் சோம்பேறி இல்லை. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். இரண்டு வருடமாக டியூஷனுக்கு வேறு போய்க்கொண்டிருந்தாள்.

"எப்படிம்மா 355 வந்தது?" என்று கேட்டேன்.

"ரெண்டிலேருந்து ஏழு போகாது பாட்டி. அதனால ஏழிலேருந்து ரெண்டைக் கழிச்சேன். அஞ்சு. பூஜ்யத்திலேருந்து அஞ்சும் போகாது. அதனால அஞ்சிலேருந்து பூஜ்யம். நாலிலேருந்து ஒண்ணு போனா மூணு."

பார்த்தீர்களா? அவள் கண்ணை மூடிக்கொண்டு எதையோ எழுதிவிடவில்லை. தனக்கென்று ஒரு வழி வைத்திருக்கிறாள். பெரியதிலிருந்து சிறியதைக் கழி, அவ்வளவுதான். மூன்றாம் வகுப்பில் 'கடன் வாங்கிக் கழித்தல்' நடத்தியபோது அம்மை போட்டு வீட்டில் இருந்தாளாம். அன்று விட்டுப்போன படி நான்கு வருடமாக விட்டுப்போனபடியே இருக்கிறது. அதன்மேல் தசமம், பின்னம், இயற்கணிதம் என்று மாடி மேல் மாடியாகக் கட்டினால் நிற்குமா?

"டியூஷனில் கேட்கலையா?" என்றேன்.

"தப்புன்னு சிவப்பு மையில அடிச்சிடுவாங்க பாட்டி. ஏன்னு சொல்ல மாட்டாங்க. அங்க நாப்பது பேர் இருக்கோம்."

நாற்பது பேர்! பள்ளிக்கூடத்து வகுப்பில் இருப்பதும் ஏறக்குறைய அத்தனை பேர்தான். கைடில் இருக்கும் விடையைச் சத்தமாகப் படிப்பார்களாம், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்களாம். நோட்டு நிறைந்துவிடும். அம்மா நோட்டைப் பார்த்துச் சந்தோஷப்படுவார். மாதம் பிறந்தால் பணம்.

இந்த இடத்தில் என் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது. ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன், மளிகைக் கடைக்காரர் மகன். எவ்வளவு சொல்லிக்கொடுத்தும் கழித்தலைப் புத்தகத்தில் உள்ளபடி போட மாட்டான். ஒருநாள் பொறுமை இழந்து, எல்லார் முன்னாலும், "உனக்குக் கணக்கே வராதுடா" என்று சொல்லிவிட்டேன். இப்போது அவர்தான் அந்தக் கடையை நடத்துகிறார். பதினைந்து சாமான் வாங்கினாலும் பேப்பர் இல்லாமல் வாயாலேயே கூட்டிச் சொல்லிவிடுவார். நான் போனால் மட்டும் சிரித்துக்கொண்டே, "சரியா இருக்கான்னு நீங்களும் ஒருதரம் பார்த்துக்குங்க டீச்சர். எனக்குத்தான் கணக்கு வராதே!" என்பார். முப்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. அவர் விளையாட்டாகத்தான் சொல்கிறார். எனக்குத்தான் முகம் சுருங்கிவிடும்.

அதனால்தான் சொல்கிறேன். டியூஷன் தேடுகிறோம் என்றால் விடை சொல்பவரைத் தேடுவதில் பயன் இல்லை. விடைதான் கைடிலேயே இருக்கிறதே! "ஏன் இப்படிப் போட்டாய்?" என்று கேட்பவரைத் தேட வேண்டும்.

சரி, எதிர்வீட்டுக்காரர்கள் எப்படித் தேடினார்கள் என்று கேளுங்கள்.

முதலில் பள்ளிக்கூடத்துக் கணக்கு மிஸ்ஸிடம் போகச் சொன்னேன். நிறையப் பேர் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். இடைவேளையில் பத்து நிமிடம் கேட்டால் தீர்ந்துபோகிற சந்தேகத்துக்கு எதற்கு மாதக் கட்டணம்? அந்த மிஸ் நல்லவர். "இவளுக்குக் கழித்தலும் பின்னமும்தான் தகராறு, மற்றதெல்லாம் புரிகிறது" என்று எழுதியே கொடுத்தார். டாக்டர் சீட்டு மாதிரி அது. அது கையில் இருந்தால் யாரிடம் போனாலும் எங்கே தொடங்குவது என்று தெரிந்துவிடும்.

ஒரு விஷயம் நினைவில் வையுங்கள். பள்ளி ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது, 28-ஆவது பிரிவில். "என் டியூஷனுக்கு வந்தால்தான் மார்க்" என்று யாராவது சொன்னால் பயந்துகொண்டு போகாதீர்கள். வீட்டில் சொல்லிவிடுங்கள்.

பிறகு இரண்டு இடங்களைப் போய்ப் பார்த்தார்கள். முதல் இடத்தில் பெரிய போர்டு; நூற்றுக்கு நூறு வாங்கியவர்களின் படங்கள் வரிசையாக. அந்தப் படங்களைப் பார்த்தே எதிர்வீட்டம்மா மயங்கிவிட்டார். நான் மெதுவாகக் கேட்கச் சொன்னேன்: "35 மார்க்கிலிருந்து 60 மார்க்குக்கு வந்த பிள்ளை யாராவது உண்டா?" அங்கே இருந்தவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நூறு வாங்குகிற பிள்ளை எங்கே படித்தாலும் வாங்கிவிடும், இல்லையா?

நூறு மார்க் வாங்குபவர் நல்ல ஆசிரியராகத்தான் இருப்பார் என்றும் நினைத்துவிடாதீர்கள். நம் கணித மேதை ராமானுஜன் இருக்கிறாரே, அவரும் டியூஷன் எடுத்தவர்தான். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைப்பதற்கு முன்பு, கையில் காசில்லாத நாள்களில், மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். பி.ஏ. பரீட்சைக்காக அவரிடம் நுண்கணிதம் படிக்கப் போன ஒருவர் இரண்டு வாரத்தில் நின்றுவிட்டார். பாடத்தை விட்டுவிட்டு முடிவிலியைப் பற்றியே ராமானுஜன் பேசிக்கொண்டிருந்தாராம். பாவம், பரீட்சைக்குப் படிக்க வந்தவர் என்ன செய்வார்! மேதைதான், ஆனால் அந்த மாணவருக்கு அப்போது தேவைப்பட்ட ஆசிரியர் வேறு.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கும்பகோணத்தில் 1903-ஆம் ஆண்டு வாக்கில், பள்ளி மாணவனாக இருந்த ராமானுஜன் கையில் ஒரு தடிப் புத்தகம் கிடைத்தது. சுமார் 5,000 தேற்றங்களும் வாய்ப்பாடுகளும் அதில் இருந்தன. எழுதியவர் ஜார்ஜ் கார். அவர் யார் தெரியுமா? இங்கிலாந்தில் மாணவர்களைக் கேம்பிரிட்ஜ் பரீட்சைக்குத் தயார் செய்த டியூஷன் வாத்தியார்! அவருடைய டியூஷன் குறிப்புகளிலிருந்து வளர்ந்த புத்தகம்தான் அது. ஊர் தெரியாத ஒரு பையன் அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறான் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

எதிர்வீட்டுச் சிறுமியிடம் திரும்பி வருகிறேன். இரண்டாவது இடம் அடுத்த தெரு. கணிதம் படிக்கும் கல்லூரி மாணவி ஒருவர், வீட்டு வராந்தாவில் ஐந்தாறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். கட்டணம் முன்பு கொடுத்ததில் பாதி. அம்மாவுக்கு நம்பிக்கை இல்லை. "சின்னப் பொண்ணா இருக்கே டீச்சர்" என்றார். ஒருநாள் மட்டும் உட்கார்ந்து பார்க்கச் சொன்னேன்.

அன்று ஒரு பையன் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருந்தான். மேலே உள்ளதைக் கூட்டி, கீழே உள்ளதைக் கூட்டி! அந்த அக்கா அதை அடிக்கவில்லை. "அரை தோசை சாப்பிட்டாய். அப்புறம் இன்னொரு துண்டும் சாப்பிட்டாய். மொத்தம் அரை தோசையை விடக் குறையுமா?" என்று கேட்டார். பையன் யோசித்தான். 2/5 என்பது அரையை விடச் சின்னது ஆயிற்றே! தானே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டான். பிறகு பேப்பரை ஆறு பங்காக மடித்து, மூன்று பங்கும் இரண்டு பங்கும் சேர்ந்து 5/6 என்று கண்டுபிடித்தான். அம்மா அங்கேயே சேர்த்துவிட்டார்.

வராந்தா என்பதும் நல்லதுதான். கதவு திறந்திருக்க வேண்டும், பெரியவர்கள் நினைத்த நேரத்தில் வந்து எட்டிப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். அடிக்கிற இடம் வேண்டாம். பிள்ளைகளை அடிக்கவோ மனம் நோகப் பேசவோ கூடாது என்று பள்ளிகளுக்கே அதே சட்டத்தில் தடை இருக்கிறது. டியூஷனில் மட்டும் எப்படிச் சரியாகும்? யாராவது தொடுவதோ பேசுவதோ உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் உடனே எழுந்து வந்து அம்மாவிடமோ அப்பாவிடமோ சொல்லுங்கள். அவர்களிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் 1098-க்குப் போன் செய்யலாம். அது குழந்தைகளுக்கான இலவச எண், இரவிலும் எடுப்பார்கள்.

பணம் இல்லையே என்கிறீர்களா? அக்கம்பக்கத்தில் மேல்வகுப்பு அண்ணனோ அக்காவோ இருந்தால் வாரம் இரண்டு மாலை கேளுங்கள். கேட்பதில் வெட்கம் என்ன? கூடப் படிக்கும் தோழிக்கு நீங்கள் தமிழ் சொல்லிக்கொடுங்கள், அவள் உங்களுக்குக் கணக்குச் சொல்லட்டும். வகுப்பறையில் இதை நான் செய்து பார்த்திருக்கிறேன்; பல சமயம் என்னை விட அவர்களே நன்றாகச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அந்தக் கல்லூரி அக்கா முதல் மூன்று வாரம் மூன்றாம் வகுப்புக் கணக்குதான் கொடுத்தார். "ஏழாவது படிக்கிற பொண்ணுக்கு இதுவா?" என்று அம்மாவுக்கு மனத்தாங்கல். எனக்கோ, ஒரு மாலை நடந்தது இன்னும் மறக்கவில்லை. சிறுமி ஓடிவந்து, "402 கணக்கைக் கொடுங்க பாட்டி" என்றாள். கடன் வாங்குவாள் என்று பார்த்தேன். வாங்கவே இல்லை. "157-லேருந்து 160-க்கு 3. 160-லேருந்து 200-க்கு 40. 200-லேருந்து 402-க்கு 202. மொத்தம் 245!" என்றாள். "இதுவும் சரிதானாம், அக்கா சொன்னாங்க."

சரிதான். கடையில் மீதிச் சில்லறை கொடுப்பது இப்படித்தான். மளிகைக் கடைக்காரர் மகன் அன்று என் வகுப்பில் இதைத்தான் செய்திருப்பானோ? அவன் எப்படிப் போட்டான் என்று நான் கேட்கவே இல்லை.

அரைப் பரீட்சையில் சிறுமிக்கு 51 மார்க். முன்பு 29. வீட்டில் இன்னும் கொஞ்சம் எதிர்பார்த்தார்கள். ஆனால் வகுப்பில் கை தூக்கிச் சந்தேகம் கேட்கிறாள் என்று கணக்கு மிஸ் சொன்னார். இப்போது எட்டாம் வகுப்பு. வாரம் இரண்டு நாள்தான் போகிறாள். "பின்னம் முடிஞ்சதும் நான் தனியாவே படிச்சுக்கறேன் அக்கா" என்று அவளே சொல்லிவிட்டாளாம். அந்தக் கல்லூரி மாணவிக்கு ஒரு பிள்ளையின் கட்டணம் குறையும். அப்படியும் என்னைக் கடைத்தெருவில் பார்த்தபோது அதைச் சந்தோஷமாகத்தான் சொன்னார்.