"நீங்க எந்த டிபார்ட்மென்ட் டாக்டர்?" - எல்லா வார்டிலும் வேலை பார்க்கும் குடும்ப மருத்துவ பி.ஜி-க்கள்!

திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டைக்கு வரும் காலை நேரப் பேருந்தில், மஞ்சள் பையில் மருந்துச் சீட்டுகளோடு வருபவர்களைப் பார்க்கலாம். சர்க்கரைக்கு ஒரு டாக்டர், கால் புண்ணுக்கு இன்னொருவர், கண் மங்கலுக்கு மற்றொருவர். அங்கேயும் முடியாவிட்டால், மேலும் 50 கிலோமீட்டர் தள்ளி மதுரை. ஒவ்வொரு சீட்டும் தனித்தனியே சரியாகத்தான் இருக்கும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

அந்த ஆளை உருவாக்கும் படிப்புதான், குடும்ப மருத்துவம். எம்.பி.பி.எஸ் முடித்தவர்கள் சேரும் டி.என்.பி குடும்ப மருத்துவம் மூன்று ஆண்டுப் படிப்பு. 2020-ல் இதே துறையில் இரண்டு ஆண்டு டிப்ளோமாவும் வந்தது. கேரளாவில் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.டி படிப்பே இருக்கிறது.

விருந்தாளியா, வேலையாளா?

பொது மருத்துவம், குழந்தைகள் நலம், மகப்பேறு, அறுவை சிகிச்சை என்று ஒவ்வொரு துறையிலும் சில காலம் வேலை பார்ப்பதுதான் இந்தப் படிப்பின் முக்கியமான பகுதி. சிக்கலும் அங்கேதான். அந்தந்தத் துறையின் பி.ஜி டாக்டர்களுக்கு அது சொந்த வீடு. இவர்களோ சில காலத்தில் கிளம்பிவிடுபவர்கள். அதனால், ரத்தம் எடுப்பது, கேஸ் ஷீட் எழுதுவது, டிஸ்சார்ஜ் சம்மரி தயாரிப்பது என்ற அளவிலேயே இவர்களுடைய வேலை நின்றுவிடும் ஆபத்து உண்டு. பிரசவ வார்டில் ஒதுங்கி நின்று பார்த்தவர், நாளை ஒரு சிற்றூரில் ரத்தப்போக்கோடு வரும் தாயை எப்படிக் கையாள்வார்?

எனவே, ஒவ்வொரு துறையிலும் என்ன கற்க வேண்டும், எதைத் தாமே செய்யலாம், யாரிடம் பொறுப்பு சொல்ல வேண்டும் என்பது முதல் நாளே தெளிவாக வேண்டும். நிபுணர் ஆவது இவர்கள் இலக்கு அல்ல. தாமே பார்க்கக்கூடியது எது, நிபுணரிடம் உடனே அனுப்ப வேண்டியது எது என்று பிரித்தறிவதுதான் இவர்களுக்கான பாடம்.

இவர்கள் கொண்டுவருவது என்ன?

ஓர் உதாரணம். சர்க்கரை கட்டுக்குள் வராமல் ஒரு பாட்டி மருத்துவமனையில் சேர்கிறார். வார்டில் சர்க்கரை இறங்குகிறது, வீட்டுக்குப் போனதும் ஏறுகிறது. இன்சுலின் அளவைக் கூட்டலாமா என்று யோசிப்பதற்கு முன், "வீட்டுல ஃபிரிட்ஜ் இருக்காம்மா?" என்று கேட்கப் பழகியவர் குடும்ப மருத்துவர். வானம் பார்த்த பூமியின் சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குள் வைத்த இன்சுலின் வீரியம் இழந்துவிடும். ஃபிரிட்ஜ் இல்லாதவர்கள் மருந்தை நீர் புகாத டப்பாவில் போட்டு, ஈரமான மண்பானைக்குள் நிழலில் வைக்கலாம். இந்த ஒரு கேள்வி மிச்சப்படுத்துவது, இன்னொரு மதுரைப் பயணத்தை.

வேலூர் சி.எம்.சி-யில் நகர்ப்புற ஏழைகளுக்காக 1982-ல் தொடங்கப்பட்ட குறைந்த செலவு சிகிச்சைப் பிரிவு, இப்படி வீட்டு நிலைமையையும் சேர்த்துப் பார்க்கும் மருத்துவத்துக்கு ஒரு முன்னோடி.

மாவட்டங்களுக்கு எப்போது?

முதுநிலை இடங்களில் படிப்படியாக நான்கில் ஒரு பங்கு, பொது சுகாதாரத்துக்கும் குடும்ப மருத்துவத்துக்கும் போக வேண்டும் என்றது 2002-ம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை. அந்த இலக்கு இன்னும் எட்டாத தூரத்தில்தான் இருக்கிறது.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. எம்.டி, எம்.எஸ் படிப்பவர்கள் மூன்று மாதங்கள் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும் என்ற விதி இப்போது இருக்கிறது. விருதுநகரில் 2022 ஜனவரி முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இயங்குகிறது. பல துறை டாக்டர்கள் ஒன்றாக ரவுண்ட்ஸ் போகும் இத்தகைய இடங்களில் குடும்ப மருத்துவ பி.ஜி-யும் ஒருவராக நின்றால், பலன் மஞ்சள் பையோடு வருபவருக்குத்தான். அந்தப் பையிலுள்ள சீட்டுகள் அத்தனையையும் ஒரே மேஜையில் விரித்து வைத்துப் பார்க்க ஒருவர் இருப்பார்.