ஸ்கேனரில் அலைவரிசைகளைத் தொகுக்கும் முறை

பதிந்துவைத்த அலைவரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாக மிக விரைவில் சோதித்து, பேச்சு எழும் இடத்தில் நின்று ஒலிக்கும் வானொலி ஏற்பியே ஸ்கேனர் எனப்படுகிறது. தொடக்ககாலக் கருவிகளில் ஒவ்வோர் அலைவரிசைக்கும் தனிப் படிகம் வாங்கிப் பொருத்த வேண்டியிருந்ததால் கேட்பவர் சிலவற்றோடு நிறைவடைந்தார். எண்களை அழுத்திப் பதியும் கருவிகள் வந்தபின் இடப்பற்றாக்குறை நீங்கி, எதை எங்கே வைப்பது என்ற சிக்கல் எழுந்தது.

அமெரிக்காவில் பரவலாக விற்கப்படும் யூனிடென் பிசி125ஏடி கருவியில், தலா 50 இடங்கள் கொண்ட 10 தொகுதிகளாக 500 அலைவரிசைகளைப் பதியலாம். எண்விசை ஒன்றை அழுத்தினால் அதற்குரிய தொகுதி மட்டும் சேரும் அல்லது விலகும். புதியவர்கள் பெரும்பாலும் அலைவெண்ணின் ஏறுவரிசையிலேயே இவற்றை நிரப்புகிறார்கள். அது பார்வைக்கு ஒழுங்காக இருப்பினும் கேட்பதற்கு உதவாது. ஏனெனில் ஒரு பேச்சில் நின்றிருக்கும் நேரமெல்லாம் ஸ்கேனர் மற்ற அலைவரிசைகளுக்குச் செவிடாகிவிடுகிறது. ஆகவே ஒரே வேளையில் கேட்க விரும்புபவை எவையோ அவையே ஒரே தொகுதியில் அமைய வேண்டும். புறப்படும் விமானம் தரைக் கட்டுப்பாட்டிடமிருந்து கோபுரத்துக்கும், அங்கிருந்து புறப்பாட்டுக் கட்டுப்பாட்டுக்கும் கைமாற்றப்படுவதால், இம்மூன்றும் ஒருங்கே இருந்தால்தான் கேட்பவரால் அதன் பயணத்தைத் தொடர முடியும். அவ்வாறே, கடலில் ஆபத்து அறிவிப்புக்கும் முதல் அழைப்புக்கும் உரிய 156.8 மெகாஹெர்ட்ஸில் (16ஆம் அலைவரிசை) தொடர்பு கொள்ளும் கப்பலை அமெரிக்கக் கடலோரக் காவல்படை வழக்கமாக 157.1 மெகாஹெர்ட்ஸுக்கு மாறச் சொல்வதால், இவ்விரண்டையும் பிரித்து வைப்பது உரையாடலைப் பாதியில் அறுப்பதாகும்.

இதில் கட்டாயம் தனியே ஒதுக்க வேண்டியவை ஓயாத ஒலிபரப்புகள். 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள ஏழு அலைவெண்களில் அமெரிக்க வானிலை வானொலி 24 மணி நேரமும் ஒலிப்பதால், அதைப் பிறவற்றோடு கலந்துவிட்டால் ஸ்கேனர் அங்கேயே சிக்கிக்கொள்ளும். ஓடுபாதை நிலவரத்தைப் பதிவுக்குரலில் திரும்பத் திரும்பச் சொல்லும் விமான நிலைய அறிவிப்பும் அத்தகையதே. ஒரே அலைவரிசை மட்டும் தொல்லை தருமானால் தொகுதியை மாற்றியமைக்கத் தேவையில்லை. அதை மட்டும் சுற்றிலிருந்து விலக்கிவைக்கும் 'லாக்-அவுட்' வசதி போதும். இதற்கு நேர்மாறானது முன்னுரிமை வசதி. அவ்வாறு குறிக்கப்பட்ட அலைவரிசையைக் கருவி 2 நொடிக்கு ஒருமுறை எட்டிப்பார்க்கும், ஆனால் அப்போதெல்லாம் ஒலிக்கும் பேச்சு சற்றே துண்டிக்கப்படுவதால் அதை அளவோடு பயன்படுத்துவதே நல்லது.

சில அலைவெண்களைப் பல துறைகள் பகிர்ந்துகொள்ள, எந்தப் பேச்சு எதில் செல்வது என்பதைக் கணினியே அவ்வப்போது முடிவுசெய்யும் 'டிரங்கிங்' முறையில், தொகுக்க வேண்டியவை அலைவெண்கள் அல்ல, பேச்சுக் குழுக்களின் அடையாள எண்களே. அதற்கு அம்முறையைப் பின்தொடரவல்ல வேறு கருவி வேண்டும்.

எந்தக் கருவியாயினும் ஒரு தொகுதியை வெறுமையாக விட்டுவைப்பது பயன்தரும். தேடலில் அகப்படும் இனந்தெரியாத அலைவரிசைகளை அதில் சில நாள் வைத்துக் கேட்டு, யாருடையவை என்று தெளிந்தபின் உரிய தொகுதிக்கு மாற்றலாம்.