ராம் தீர்கிறதா? லீக் எங்கே என்று பாருங்கள்!

காலையில் சுறுசுறுப்பாக இயங்கிய உங்கள் கம்ப்யூட்டர் மாலையில் ஆமை வேகத்தில் நகர்கிறதா? "ராம் போதவில்லை, இன்னொன்று போட்டுவிடலாம்" என்பார் கடைக்காரர். பணம் கொடுக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள். ஏதாவது ஒரு புரோகிராமில் மெமரி லீக் இருக்கலாம். சாஃப்ட்வேர் எழுதுவது என் தொழில் என்பதால் எங்கள் பக்கத்துக் கதையையும் சேர்த்தே சொல்கிறேன்.

சி மொழியில் புரோகிராம் எழுதுபவர், தேவையான மெமரியை மேலாக் என்ற ஃபங்ஷன் மூலம் கேட்டு வாங்குவார். வேலை முடிந்ததும் ஃப்ரீ என்ற ஃபங்ஷன் மூலம் அவரேதான் திருப்பித் தர வேண்டும். கல்யாணத்துக்கு வாடகைப் பாத்திரம் எடுப்பது போலத்தான். அண்டா திரும்பி வராவிட்டால் அடுத்தவருக்குக் கொடுக்கக் கடையில் ஒன்று குறையும்.

நான் சரிசெய்த லீக்குகளில் பெரும்பாலானவை ஒரே வகை. ஃபங்ஷனின் தொடக்கத்தில் மெமரி வாங்கியிருப்பார்கள், கடைசி வரியில் ஒழுங்காகத் திருப்பியும் தந்திருப்பார்கள். ஆனால் நடுவில் ஒரு ஃபைல் திறக்காவிட்டால் புரோகிராம் பாதியிலேயே வெளியேறிவிடும். கடைசி வரி இயங்கவே இயங்காது! படித்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும். லினக்ஸில் வால்கிரைண்ட் என்ற இலவச டூல் இருக்கிறது. அதன் வழியாகப் புரோகிராமை ஓட்டினால், எந்த வரியில் வாங்கிய மெமரி திரும்பவில்லை என்று வரி எண்ணோடு காட்டிவிடும். வெளியேறும் வழிகளையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்து, அங்கே ஃப்ரீ செய்தால் தீர்ந்தது. திருத்தம் இரண்டு வரிதான், கண்டுபிடிப்பதற்குத்தான் நாள் கணக்கில் ஆகும்.

சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். லண்டன் ஆம்புலன்ஸ் சேவையின் கம்ப்யூட்டரில், ஒவ்வொரு வண்டியை அனுப்பும்போதும் சர்வரில் கொஞ்சம் மெமரி திரும்பாமல் தங்கியது. மூன்று வாரம் யாருக்கும் தெரியவில்லை. 1992 நவம்பர் 4 அதிகாலை 2 மணிக்குச் சற்றுப் பிறகு சிஸ்டம் மந்தமாகி, அப்படியே நின்றுவிட்டது. ஊழியர்கள் காகிதத்தில் எழுதித்தான் வண்டிகளை அனுப்பினார்கள்.

உங்கள் வீட்டில் என்ன செய்யலாம்? கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் மெமரி என்ற தலைப்பைக் கிளிக் செய்தால் அதிகம் பிடித்திருக்கும் புரோகிராம் மேலே வரும். அளவைக் குறித்துக்கொண்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். பிரவுசரில் புதிய டேப்கள் திறந்ததால் கூடியிருந்தால் அது லீக் அல்ல. சும்மா இருக்கும்போதும் ஏறிக்கொண்டே போனால்தான் சந்தேகப்பட வேண்டும். அந்தப் புரோகிராமை மூடித் திறங்கள். மூடியவுடன் அது வைத்திருந்த மெமரி முழுவதையும் விண்டோஸ் திரும்ப எடுத்துக்கொள்ளும். புதிய வெர்ஷன் வந்திருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். ராமைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் புரோகிராம்களுக்குக் காசு தராதீர்கள். அவற்றால் லீக்கை அடைக்க முடியாது.

இன்னொன்று. விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருக்கிறது. அது இயங்கும் கம்ப்யூட்டரில் ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸின் உட்பகுதி அப்படியே டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு மறுபடி வரும். லீக் ஒரு டிரைவரில் இருந்தால், ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் அந்த மெமரி திரும்பும்.