அம்மாவின் பால்குடம்

வானொலியில் வேலை செய்பவர்களுக்குத் திட்டம் போடுவது ஒரு வியாதி. செய்திக்கு எத்தனை நொடி, விளம்பரத்துக்கு எத்தனை நொடி என்று கணக்குப் பார்த்துப் பழகிய கை, வீட்டிலும் சும்மா இருக்காது. 2021 தைப்பூசத்தில் அம்மா பால்குடம் எடுப்பதற்காக நான் எழுதிய திட்டம் ஒரு முழுப் பக்கம் நீண்டது. முழங்கால் பட்டை முதல் தோபி காட்டில் தண்ணீரோடு நிற்கவேண்டிய உறவினர் வரை அதில் இருந்தது.

வேண்டுதல் பிறந்தது 2020 மே மாதத்தில். கொவிட்-19 அதிரடித் திட்டம் நடப்பில் இருந்தபோது அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை. மருத்துவமனைக்குப் போய்ப் பார்க்க எங்களுக்கு அனுமதியில்லை. அம்மா சமையலறையில் நின்றபடியே சொன்னார்: “முருகா, இவரை வீட்டுக்கு அனுப்பு. பெருமாள் கோயில்லேர்ந்து டேங்க் ரோடு வரைக்கும் பால்குடம் தூக்கிட்டு நடந்து வர்றேன்.”

அப்பா வீட்டுக்கு வந்தார்.

ஆனால் 2021 ஜனவரி 28 தைப்பூசத்தில் ஊர்வலமும் இல்லை, காவடியும் இல்லை. முன்பதிவு செய்த நேரத்தில் தெண்டாயுதபாணி கோயிலுக்குப் போய், கோயிலே தயாரித்துத் தரும் பால்குடத்தைச் செலுத்தலாம், அவ்வளவுதான். அம்மா செலுத்தினார். மனம் ஆறவில்லை. “நடக்கிறேன்னு சொல்லிட்டு கார்ல வந்து இறங்கினா எப்படி?” என்று வழியெல்லாம் புலம்பினார். அப்பாதான் சிரித்தார். “முருகனும் செய்தி கேட்பாரு லா, விடு.”

2022லும் ஊர்வலம் இல்லை. அந்த ஆகஸ்ட்டில் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார்.

2023 பிப்ரவரி 5ஆம் தேதி ஊர்வலம் திரும்பியது. சிராங்கூன் சாலை மறுபடி மஞ்சளானது. ஆனால் எங்கள் வீட்டில் துக்கம் நடந்து ஓர் ஆண்டு முடியவில்லை. வேண்டுதல் செலுத்தக்கூடாது என்றார்கள் பெரியவர்கள். அம்மா மறுபேச்சு பேசவில்லை. வீட்டில் உட்கார்ந்து வானொலியில் என் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார். நானோ ஒலிப்பதிவுக் கூடத்தில் பக்தர்களின் மகிழ்ச்சியைப் பற்றி உற்சாகமாகப் பேசிவிட்டு, மைக்கை மூடியதும் அடுத்த பாட்டைப் போட மறந்துபோனேன். பத்து நொடி மௌனம். எங்கள் தொழிலில் அது பெருங்குற்றம்.

உண்மையைச் சொன்னால், கோபம் எனக்குத்தான். அன்று இரவு கேட்டேவிட்டேன். “முருகன் மேல உங்களுக்குக் கோபமே வரலையாம்மா?”

“வராம இருக்குமா?” என்றார். “இன்னும் கொஞ்ச நாள் கொடுத்திருக்கலாம். ஆனா எண்ணிப் பார்த்தேன், 27 மாசம். ரெண்டு தீபாவளி. அண்ணன் மகளை முதல் நாள் பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனார்ல? நான் கேட்டது வீட்டுக்கு அனுப்புன்னு. அனுப்பினான்.”

எனக்கு அந்தக் கணக்கு அன்று முழுதாகப் பிடிபடவில்லை. இன்றும் சில நாள் பிடிபடுவதில்லை. 27 பெரிய எண்ணா, சிறிய எண்ணா என்பது யார் எண்ணுகிறார் என்பதைப் பொறுத்தது போலும்.

2024 ஜனவரி 25, வியாழக்கிழமை. தைப்பூசம் இங்கே 1968க்குப் பிறகு பொது விடுமுறை இல்லை என்பதால் விடுப்பு எடுத்துக்கொண்டேன். இம்முறை எதையும் எழுதி வைக்கவில்லை. இருட்டிலேயே பெருமாள் கோயிலில் இருந்து கிளம்பினோம். ஏறத்தாழ 4 கிலோமீட்டர். எங்களுக்கு முன்னால் ஓர் இளைஞர் அலகுக் காவடியோடு ஆடி ஆடிப் போனார். அவருடைய தாய் பின்னாலேயே “மெதுவா, மெதுவா” என்று சொல்லிக்கொண்டே நடந்தார். கிளமென்சியோ அவென்யூவில் அம்மாவின் முழங்கால் மடங்கியது. குடத்தை வாங்கக் கை நீட்டினேன். தரவில்லை. இரண்டு நிமிடம் நின்றார், பிறகு நடந்தார். சன்னிதியில் பாலைக் கொடுத்தபோது அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. “அப்பாடா” என்றார், கடைத்தெருச் சுமையை இறக்கிவைத்தவர்போல.

தேக்காவுக்கு வந்து உட்கார்ந்ததும் அம்மாவே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். மூன்று கோப்பை வந்தன. இரண்டு தே தாரே. ஒன்று, அறுவை சிகிச்சைக்குப் பிறகு அப்பா குடித்துவந்த சர்க்கரையில்லாத தே ஓ. அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் தள்ளினார்.

“ஆறிடும், குடி.”