காலி இடத்தைக் கண்டுபிடித்தவர்

1913 டிசம்பர் 21 ஞாயிறன்று, ‘நியூயார்க் வேர்ல்ட்’ நாளிதழின் ‘ஃபன்’ என்னும் கேளிக்கைப் பகுதியில் வைர வடிவக் கட்டம் ஒன்று வெளியானது. அமைத்தவர் ஆர்தர் வின்; லிவர்பூலில் பிறந்து இளவயதில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். குறுக்கெழுத்துப் புதிரின் தொடக்கமாக உலகம் கொள்வது இதைத்தான். அந்தப் பெருமை அவருக்கு உரியதுதானா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பதில் நியாயமும் இருக்கிறது. குறுக்கிலும் நெடுக்கிலும் படிக்கும்படி எழுத்துகளை அடுக்குவது மிகப் பழைய கலை. பாம்பேய் இடிபாடுகளில் ஐந்துக்கு ஐந்து லத்தீன் சொற்சதுரம் கிடைத்திருக்கிறது. நம் சித்திரகவிகளில் சருப்பதோபத்திரம் எத்திசையில் படித்தாலும் ஒன்றுபோலவே வரும். ஆனால் இவை முடிந்த வடிவில் கைக்கு வருபவை. படிப்பவர் நிரப்புவதற்கு அங்கே ஏதுமில்லை.

கனமான ஆட்சேபம் இத்தாலியிலிருந்து வருகிறது. வின்னுக்கு 23 ஆண்டுகள் முன்பே, 1890இல், ஜூசெப்பே ஐரோல்டி ஒரு வார இதழில் நான்குக்கு நான்கு கட்டம் போட்டு, இரு திசைகளுக்கும் குறிப்புகள் கொடுத்துவிட்டார். குறிப்பும் கட்டமும் மட்டுமே அளவுகோல் என்றால் முதல்வர் அவரே. அப்படியிருந்தும் அந்த விதை ஏன் மரமாகவில்லை? கட்டத்தின் அமைப்பே அதைத் தடுத்தது என்று நினைக்கிறேன். இடைவெளியே இல்லாத சதுரத்தில் எல்லாச் சொற்களும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். ஒவ்வோர் எழுத்தும் இரண்டு சொற்களுக்குப் பொருந்த வேண்டும். நான்கை ஏழாக்கிப் பார்த்தால், பொருந்தும் சொற்களைத் தேடுவது மிகக் கடினமாகிவிடும். வின் வைரத்தின் நடுப்பகுதியைக் காலியாக விட்டார். உடனே மூன்றெழுத்துச் சொல்லும் ஏழெழுத்துச் சொல்லும் ஒரே கட்டத்தில் குடியிருக்க முடிந்தது. பிற்காலத்துக் கறுப்புக் கட்டங்கள் இந்தக் காலி இடத்தின் நீட்சிதான். பெரிய கட்டம், நீண்ட சொல், எந்த மொழியின் சொல்லமைப்புக்கும் ஏற்ற வடிவம் எல்லாம் அதனால் சாத்தியமாயின. அவரைக் கண்டுபிடிப்பாளர் என்று நான் ஏற்பது இதற்காகவே.

முதல் புதிர் கரடுமுரடானது என்பதும் உண்மை. புறாவைக் குறிக்கும் ஒரே சொல் இரண்டு இடங்களில் விடையாக வந்தது. கோமுட்டிப் பனையின் நாருக்கு என்ன பெயர் என்றொரு குறிப்பு. சாதாரண வாசகர் அதை எப்படி அறிவார்? ஒவ்வொரு சொல்லுக்கும் தொடக்க எண், முடிவு எண் என்று இரண்டு எண்கள் வேறு. இவற்றையெல்லாம் சீராக்கியவர் 1921இல் அதே நாளிதழில் சேர்ந்த மார்கரெட் பெதர்பிரிட்ஜ். பிழை திருத்தி, குறிப்புகளைத் துலக்கி, புதிரை நம்பத்தக்கதாக்கினார். அவர் பெயர் இன்று அதிகம் பேசப்படாதது பெரும் குறை. ஆனாலும் அவர் திருத்தியது வின்னின் கட்டத்தைத்தான்; அதைத் தூக்கி எறிய வேண்டிய தேவை அவருக்கு வரவில்லை.

வின் இன்னொன்றும் செய்தார்: 1914 தொடக்கத்திலேயே வாசகர்கள் அமைத்த புதிர்களையும் வெளியிட்டார். அமைக்கும் முறை பொதுச்சொத்தானது. அவரிடம் காப்புரிமையும் இல்லை; யாரும் எடுத்துக்கொள்ள முடிந்தது. 1924இல் சைமன், ஷுஸ்டர் என்னும் இரு இளைஞர்கள் தங்கள் பதிப்பகத்தின் முதல் நூலாகப் புதிர்த் தொகுப்பை, ஒரு பென்சிலையும் இணைத்து வெளியிட்டபோது அது அமோகமாக விற்றது. வின்னுக்கு அதில் பங்கு கிடையாது. இந்த மோகத்தை அப்போது வீண்வேலை என்று கண்டித்த ‘நியூயார்க் டைம்ஸ்’, 1942 பிப்ரவரியில் தானே புதிர் வெளியிடத் தொடங்கியது. அதன் ஆசிரியராக அழைக்கப்பட்டவர், திருமணத்துக்குப் பின் மார்கரெட் ஃபரார் என்று அறியப்பட்ட அதே பெதர்பிரிட்ஜ். 1945 ஜனவரியில் ஃபுளோரிடாவில் இறந்த வின், அதையும் பார்க்க உயிரோடு இருந்தார்.